மந்தையோடு நடந்த மருந்து

வாசகர் கேள்வி – பதில்

கிழக்கு ஆப்பிரிக்காவில் 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அடுத்தடுத்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் பலர், அங்குள்ள மேய்ச்சல் சமூகங்களிடையே பணியாற்றும் கால்நடை வல்லுநர்களைப் பற்றிக் கேட்டு எழுதியுள்ளனர். இம்முறை அக்கடிதங்களுக்கு மட்டுமே பதில் தரப்படுகிறது.

கேள்வி: வறட்சியில் வாடும் மக்களுக்கு முதலில் வேண்டியவை தண்ணீரும் தானியமும் அல்லவா? அங்கே கால்நடை மருத்துவருக்கு என்ன வேலை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: தண்ணீரும் தானியமும் அந்த ஆண்டைக் கடக்க உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தெற்கு எத்தியோப்பியாவிலும் வடக்கு கென்யாவிலும் வாழும் பொரானா மக்களை எடுத்துக்கொண்டால், மாடுகளை இழந்த குடும்பம் அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தாலும் எழுந்து நிற்க முடியாது. புல் முளைக்கும், அதை மேய்ந்து பால் தர மாடு இருக்காது. எனவே வறட்சி முடியும்போது இனப்பெருக்கத்துக்கு ஏற்ற பசுக்கள் சிலவாவது உயிரோடு நிற்கின்றனவா என்பதே அக்குடும்பத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்கிறது. கால்நடை வல்லுநரின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொரானாக்கள் தங்கள் மந்தையை இரண்டாகப் பிரித்து வைப்பவர்கள். கறவைப் பசுக்களும் கன்றுகளும் அடங்கிய ‘வர்ரா’ மந்தை வீட்டருகே இருக்கும்; பால் வற்றியவையும் காளைகளும் அடங்கிய ‘ஃபோரா’ மந்தையை இளைஞர்கள் புல் இருக்கும் தொலைவிடங்களுக்கு ஓட்டிச் செல்வார்கள். மார்ச் முதல் மே வரை பெய்யும் ‘கன்னா’ மழையும், அக்டோபரில் தொடங்கும் ‘ஹகய்யா’ மழையும் எந்த ஆண்டில் எங்கே பெய்யும் என்பது நிச்சயமில்லாத நிலத்தில், நடந்துகொண்டே இருப்பதுதான் அவர்களின் பாதுகாப்பு. தேவைக்கு மேல் மாடு வளர்த்துத் தாங்களே அழிவைத் தேடிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு காலனியாட்சிக் காலத்திலிருந்து இன்றுவரை அலுவலகங்களில் ஒலிக்கிறது. ஒரே வறட்சியில் மந்தையில் பாதி போய்விடக்கூடிய ஊரில், பத்து மாடு வைத்திருப்பவரைவிட நாற்பது மாடு வைத்திருப்பவர் முன்யோசனை உடையவர் என்பதை அந்தக் குற்றச்சாட்டு கணக்கில் கொள்வதில்லை.

கேள்வி: இத்துறையில் ஒருவருடைய வாழ்க்கைப் பணியை எடுத்துக்காட்டாகச் சொல்வதானால் யாரைச் சொல்வீர்கள்?
– வாசகி, மதுரை

பதில்: ஜெஃப்ரி மரைனர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரைச் சொல்வேன். அவர் செய்தது என்ன என்பது விளங்க, வெக்கை நோயின் வரலாற்றைச் சற்றே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் வெக்கை நோய் என்று அழைக்கப்பட்ட அந்த மாட்டுக் கொள்ளைநோய் 1887ஆம் ஆண்டில் எரித்திரியாவின் மசாவா துறைமுகப் பகுதியில் தோன்றியது. இத்தாலியப் படைக்காகக் கப்பலில் இறக்கப்பட்ட மாடுகளோடு அது வந்தது என்பதும், அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்பதும் வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் செய்தி. முன்பு அந்நோயைக் கண்டிராத ஆப்பிரிக்க மாடுகளுக்கு எதிர்ப்பாற்றல் சிறிதும் இல்லை. பத்தாண்டுகளுக்குள் அது கண்டத்தின் தென்முனை வரை சென்றது. வழியில் பல இடங்களில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகளைக் கொன்றது. உழவு மாடு இல்லாமல் எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை பெரும்பஞ்சம் நிலவியது. கென்யாவிலும் தான்சானியாவிலும் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் அக்காலத்தை ‘எமுதாய்’, அதாவது அழிவுக் காலம் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்நோய்க்கு முதலில் பரவலாகப் பயன்பட்ட தடுப்பூசிகளுள் ஒன்று, இமயமலை அடிவாரத்து முக்தேசுவரில் ஜே. டி. எட்வர்ட்ஸ் 1920களில் வெள்ளாடுகளின் வழியாகத் தணித்து உருவாக்கிய கிருமியிலிருந்து வந்தது. அதைவிடப் பாதுகாப்பான தடுப்பூசியைக் கென்யாவின் முகுகா ஆய்வுநிலையத்தில் வால்டர் பிளௌரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கினார். கன்றின் சிறுநீரகத் திசுவில் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் தரும் வலிமையை அது இழந்தும் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மையை இழக்காத நிலைக்கு அவர் கொண்டுவந்தார். ஒரே ஊசி மாட்டின் ஆயுள் முழுவதும் காக்கும். அப்பணிக்காக 1999ஆம் ஆண்டில் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வளவு நல்ல தடுப்பூசி கையில் இருந்தும், 1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்கா முழுவதும் நடந்த பெரும் தடுப்பூசி இயக்கம் நோயை ஒழிக்கவில்லை. மிஞ்சியிருந்த சில மூலைகளிலிருந்து 1980களின் தொடக்கத்தில் அது மீண்டும் பரவியது. நோய் கடைசிவரை ஒளிந்திருந்த மூலைகள் எவை என்று பார்த்தால் காரணம் புரியும்: எத்தியோப்பியாவின் அஃபார் பாலைநிலம், உகாண்டாவின் கராமோஜா, உள்நாட்டுப் போரில் சிக்கிய தெற்கு சூடான், சோமாலி மக்கள் வாழும் எல்லைப் பகுதிகள். பிளௌரைட்டின் தடுப்பூசியைப் பனிக்கட்டியிலேயே கொண்டுசெல்ல வேண்டும். மின்சாரமும் சாலையும் இல்லாத இடத்தில் அரசு வண்டி எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரம்தான் தடுப்பூசியும் சென்றது. மந்தையோ அதற்கு அப்பால் இருந்தது.

மரைனரின் பணி இவ்விடத்தில் தொடங்குகிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் 1980களின் இறுதியில், புதிய கிருமி எதையும் தேடாமல், பிளௌரைட்டின் அதே கிருமியை உறைய வைத்து உலர்த்தும் முறையை மாற்றினார். உலர்த்தும் நேரம் நீட்டிக்கப்பட்டது. மருந்தில் எஞ்சும் ஈரம் மிகக் குறைந்தது. அதன் பயனாக 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மாதம் வரை கெடாமல் இருக்கும் தடுப்பூசி கிடைத்தது. நடந்து செல்பவர் தோள்பையில் அதை எடுத்துச் செல்லலாம். ஆய்வகக் கண்ணோட்டத்தில் இது சிறிய திருத்தம் என்று சிலர் கருதக்கூடும். வெக்கை நோய் ஒழிப்பில் இதற்கு இணையான முன்னேற்றம் பிளௌரைட்டுக்குப் பின் வேறு இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பரிடம் தடுப்பூசியைக் கொடுப்பது ஆபத்தில்லையா? எங்கள் காலத்தில் இதை அனுமதித்திருக்க மாட்டோம்.
– ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், தருமபுரி

பதில்: அங்கும் அனுமதிக்கத் தயங்கினார்கள். கென்யாவில் கால்நடை மருத்துவர் சங்கத்தினரும் ஒழுங்குமுறை அமைப்பினரும் பல ஆண்டுகள் இதை எதிர்த்தனர். மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதும், பட்டம் பெற்றவர்களின் பிழைப்பு கெடும் என்பதும் அவர்களின் வாதங்கள். முதல் வாதம் கருத்தில் கொள்ள வேண்டியது. இரண்டாவது, பட்டம் பெற்றவர் ஒருவர்கூடக் குடியேற விரும்பாத பகுதியில் எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை.

சமூகக் கால்நடைப் பணியாளர் எனப்படுபவர் அந்த மக்களே கூடித் தேர்ந்தெடுத்த ஆள். மாடு வைத்திருப்பவர், மந்தையோடு நடப்பவர், ஊரார் நம்பிக்கைக்கு உரியவர். சில வாரப் பயிற்சியில் தடுப்பூசியைக் கரைப்பது, போடுவது, குடற்புழு நீக்குவது, உண்ணியைக் கட்டுப்படுத்துவது, காயத்துக்கு மருந்திடுவது ஆகியவற்றைக் கற்பார். தம் வரம்பைத் தாண்டிய நோயைக் கண்டால் மேலிடத்துக்குச் செய்தி அனுப்புவார். அஃபார் பகுதியில் 1994ஆம் ஆண்டில் இத்தகைய 20 பணியாளர்கள் 73,000 மாடுகளுக்கு வெப்பம் தாங்கும் தடுப்பூசியைப் போட்டனர். பின்னர் இரத்த மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அவற்றுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் எதிர்ப்பாற்றல் உருவாகியிருந்தது. அரசுக் குழுக்கள் வழக்கமாக எட்டிய அளவுக்கு இது குறைந்ததல்ல. எத்தியோப்பியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தென்பட்ட ஆண்டு 1995. தெற்கு சூடானிலும் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, யுனிசெப் ஒருங்கிணைத்த திட்டத்தின்கீழ் இம்முறை வந்தபின், ஓராண்டில் தடுப்பூசி பெற்ற மாடுகளின் எண்ணிக்கை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது.

தங்கள் ஐயத்துக்கு நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. தொண்டு நிறுவனத் திட்டம் முடிந்து மருந்து வருவது நின்றவுடன், பயிற்சி பெற்றவர் சந்தையில் கிடைக்கும் போலி மருந்தை வாங்கி விற்கும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது. மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு மருத்துவரோடு அவரை இணைத்து, ஊசிக்கு உரிய கட்டணத்தை மேய்ப்பரிடமே பெற்றுக்கொள்ளச் செய்த இடங்களில்தான் பணி நிலைத்தது.

கேள்வி: மேய்ப்பர்களிடம் பேசியே நோயைக் கண்டறியலாம் என்று படித்தேன். அது எப்படி அறிவியலாகும்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: ஒழிப்புப் பணியின் கடைசிக் கட்டத்தில் தடுப்பூசி போடுவதைவிடக் கடினமானது, நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிவது. அரசுப் பதிவேடுகளில் அப்பகுதிகளைப் பற்றி ஒன்றும் இல்லை. மேய்ப்பர்களுக்கோ ஒவ்வொரு நோய்க்கும் தனிப்பெயரும், அறிகுறியும், எந்தப் பருவத்தில் எந்த வயது மாட்டைத் தாக்கும் என்ற விவரமும் தெரியும். கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் எனப்படும் உண்ணி நோயை மாசாய்கள் ‘ஒல்டிகானா’ என்பார்கள். காட்டுமான் இனமான வில்டபீஸ்ட் கன்று ஈனும் மாதங்களில் அந்தப் புல்வெளிகளுக்கு மாட்டை ஓட்டக்கூடாது என்பதும், ஓட்டினால் எந்த நோய் வரும் என்பதும் ஆய்வகம் உறுதிசெய்வதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் அறிந்தவை.

இந்த அறிவை அளவிடக்கூடிய தரவாக மாற்றும் முறையை மரைனரும், ஆண்டி கேட்லி முதலிய அவருடைய துறைத் தோழர்களும் வளர்த்தெடுத்தனர். மேய்ப்பர்கள் முன் நூறு கூழாங்கற்களை வைத்து, “இதுதான் உங்கள் கன்றுகள் எல்லாம். சென்ற ஆண்டு நோய்ப்பட்டவை எத்தனை, அவற்றில் இறந்தவை எத்தனை, எந்த நோயால்?” என்று பிரித்து வைக்கச் சொல்வார்கள். அறிகுறிகளை வரைந்த அட்டைகளை வரிசையில் வைத்து, நோய்ப்பெயர்களுக்கு எதிரே கற்களை இடச் சொல்வார்கள். பல குழுக்களிடம் தனித்தனியே இதைச் செய்து, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் புள்ளியியல் சோதனையால் பார்ப்பார்கள். பிறகு ஐயமுள்ள மந்தைக்குச் சென்று மாதிரி எடுத்து ஆய்வகத்தில் உறுதி செய்வார்கள். கேள்வி கேட்பவர் நோயின் பெயரைத் தாமாக முதலில் உச்சரிக்கக் கூடாது என்பது இம்முறையின் கண்டிப்பான விதி. விருந்தினர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்லிவிடும் மரியாதை எல்லா நாட்டு மக்களிடமும் உண்டு.

சோமாலிப் பகுதியில் இம்முறை பெரிதும் பயன்பட்டது. அங்கே எஞ்சியிருந்த வெக்கைக் கிருமி மாடுகளை அதிகம் கொல்லாத மென்மையான வகை. கண்ணில் நீர் வடிதல், வாயில் சிறு புண் போன்றவற்றோடு போய்விடும். ஆனால் காட்டெருமைக்கும் குடு மானுக்கும் அது கொடியது. மாடு சாகாததால் யாரும் புகார் கொடுக்கவில்லை. மேய்ப்பர்களிடம் அமர்ந்து கேட்டதால்தான் அது எங்கெல்லாம் சுற்றியது என்ற சித்திரம் கிடைத்தது. உலகில் இந்நோய் கடைசியாக உறுதிசெய்யப்பட்டது 2001ஆம் ஆண்டில், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், ஒரு காட்டெருமையிடம். பத்தாண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2011ஆம் ஆண்டில் உலகம் வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது. இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995ஆம் ஆண்டில், நம் தமிழ்நாட்டில் என்பதையும் இங்கே சொல்லலாம்.

கேள்வி: நோய் சரி, மழையே இல்லாதபோது வல்லுநரால் என்ன செய்ய முடியும்?
– விவசாயி, இராமநாதபுரம்

பதில்: பலர் எதிர்பார்க்கும் விடையை முதலில் விலக்கிவிடுகிறேன். வறட்சியின் நடுவே அவசரமாகத் தடுப்பூசி முகாம் நடத்துவது நன்கொடையாளர்களுக்குப் பிடித்தமான செயல். புகைப்படமும் நன்றாக வரும். எத்தியோப்பிய மேய்ச்சல் பகுதிகளின் தரவை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, அவ்வாறு தடுப்பூசி பெற்ற மந்தைகளுக்கும் பெறாதவற்றுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. வறட்சியில் மாடு சாவது பெரும்பாலும் பட்டினியால். தடுப்பூசியை மாடு நல்ல நிலையில் உள்ள சாதாரண ஆண்டில், நோய் வரும் பருவத்துக்கு முன்பே போட வேண்டும்.

பயன் தந்தது வேறு. தெற்கு எத்தியோப்பியாவின் மொயாலே பகுதியில் 2006ஆம் ஆண்டு வறட்சி தொடங்கிய காலத்தில், மாடுகள் எலும்பாவதற்கு முன்பே அவற்றை விற்க வழி செய்தார்கள். கால்நடை வணிகர்கள் அந்தப் பகுதிக்கு அழைத்துவரப்பட்டனர். அவர்களுள் இருவருக்குத் தலா 25,000 டாலர் கடன் தரப்பட்டது. அவர்கள் ஏறத்தாழ 20,000 மாடுகளைச் சுமார் 10 இலட்சம் டாலருக்கு வாங்கினர். 5,400 குடும்பங்களின் கைக்குப் பணம் சென்றது. அந்தப் பணத்தில் அவர்கள் உணவு வாங்கியதோடு, மீதி மாடுகளுக்குத் தீவனம் வாங்கினர்; சிலர் அவற்றை லாரியில் ஏற்றிப் புல் உள்ள இடத்துக்கு அனுப்பினர். செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 41 டாலர் பயன் கிடைத்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். இதன் முழு வெற்றியும் காலத்தைப் பொறுத்தது. இரண்டு மாதம் தாமதித்திருந்தால் வணிகர் வந்திருக்க மாட்டார். வந்தாலும் நடக்க முடியாத மாட்டுக்கு விலை இல்லை.

மற்றொன்று கறவைகளுக்குத் தீவனம் தருவது. சோமாலி வட்டாரத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேவ் த சில்ட்ரன் அமைப்பும் நடத்திய ஆய்வில், கோடையில் சில கறவைகளை மட்டும் வீட்டருகே நிறுத்தித் தீவனமும் தண்ணீரும் கொடுத்த குடும்பங்களில், பிற இடங்களில் குழந்தைகள் மெலிந்த அதே மாதங்களில், குழந்தைகளின் எடை நிலையாக இருந்தது. ‘வர்ரா’ மந்தையைப் பொரானா மக்கள் ஏன் தனியே வைக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தகைய அனுபவங்களைத் திரட்டி, எந்தக் கட்டத்தில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று கூறும் சர்வதேச வழிகாட்டி நெறிகள் 2009ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தன. வல்லுநர்கள் இன்றும் அவற்றையே கையில் வைத்துக்கொண்டு களத்துக்குச் செல்கின்றனர்.

கேள்வி: நடமாடும் மாட்டுக்குக் காப்பீடு சாத்தியமா? செத்த மாட்டை யார் போய்ச் சரிபார்ப்பது?
– காப்பீட்டு முகவர், கோயம்புத்தூர்

பதில்: யாரும் சரிபார்ப்பதில்லை. கென்யப் பொருளியலாளர் ஆண்ட்ரூ மூட் தலைமையில் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2010ஆம் ஆண்டு ஜனவரியில் வடக்கு கென்யாவின் மார்சபிட் பகுதியில் தொடங்கிய திட்டம், மாட்டை விட்டுவிட்டுப் புல்லைப் பார்க்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அந்த வட்டாரத்தின் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அங்குள்ள எல்லாப் பாலிசிதாரர்களுக்கும் பணம் கிடைக்கும். கென்யாவின் வஜீர் பகுதியில் இஸ்லாமிய நெறிக்கு இணங்கிய தக்காஃபுல் வடிவமும் வந்தது. 2015ஆம் ஆண்டில் கென்ய அரசு ஏழை மேய்ப்பர்களுக்குத் தானே பிரீமியம் செலுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் மாடு இறந்தபின் ஈடு தருவதாக இருந்ததை, மாடு இறக்கும் முன்பே தீவனம் வாங்கப் பணம் தருவதாகப் பின்னர் மாற்றியது நல்ல திருத்தம். வட்டாரம் பசுமையாக இருக்கையில் ஒருவருடைய மந்தை மட்டும் நோயால் அழிந்தால் இக்காப்பீடு ஒன்றும் தராது என்பதையும், அதை விற்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

கேள்வி: வெளியிலிருந்து வந்த வல்லுநர்களால் தீமை விளைந்ததே இல்லையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: விளைந்தது. தங்களுக்கு நன்கு தெரிந்த சீமைக் கருவேல மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் விறகுக்காகவும் அது கென்யாவின் பாரிங்கோவிலும் எத்தியோப்பியாவின் அஃபாரிலும் திட்டமிட்டு நடப்பட்டது. ஆற்றோர மேய்ச்சல் நிலங்கள், அதாவது கோடையில் மந்தைகள் ஒதுங்கும் இடங்கள், முள்காடாயின. அதன் இனிப்பு நெற்றைத் தின்று பல் விழுந்த வெள்ளாட்டைப் பாரிங்கோ மக்கள் 2006ஆம் ஆண்டில் சான்றாக நீதிமன்றத்துக்கே கொண்டு சென்றார்கள். மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஆழ்துளைக் கிணறு தோண்டியதும் பல இடங்களில் இவ்வாறே முடிந்தது. பொரானாக்களின் ‘தூலா’ கிணறுகளில் யார் மந்தை எந்த நாளில் நீர் அருந்தலாம் என்று முறை வகுக்க ஒரு பொறுப்பாளர் உண்டு. புதிய கிணற்றுக்கு அத்தகையவர் இல்லாததால், எல்லா மந்தைகளும் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கிச் சுற்றியுள்ள புல்லை அழித்தன.

கேள்வி: நான் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இத்தகைய பணிக்குச் செல்ல என்ன தகுதி வேண்டும்?
– மாணவி, நாமக்கல்

பதில்: பட்டத்துக்குப் பின் நோய்ப்பரவியலில் மேற்படிப்புச் செய்யுங்கள், அறுவை சிகிச்சையைவிட இங்கே பயன்படுவது அதுவே. புள்ளியியலைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் கருதாதீர்கள். சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதன்மை வளாகங்கள் நைரோபியிலும் அடிஸ் அபாபாவிலும் உள்ளன. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு அங்கே ஆய்வு வாய்ப்புகள் உண்டு. சுவாஹிலி மொழியை முன்கூட்டியே கற்கத் தொடங்கலாம். பொரானா பகுதிக்குச் செல்வதானால் ஒரோமோ மொழி வேண்டும். இப்போது அங்கே முதன்மையான வேலை ஆட்டுக்கொல்லி நோய். வெக்கைக் கிருமிக்கு நெருங்கிய உறவான அக்கிருமியை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கும் வெப்பம் தாங்கும் தடுப்பூசி உள்ளது, மரைனரும் அம்முயற்சியில் பங்கேற்றவரே. ஆனால் ஆடுகள் மாடுகளைவிட விரைவாகப் பெருகுவதால் ஒவ்வோர் ஆண்டும் தடுப்பூசி பெறாத புதிய குட்டிகள் ஏராளமாகச் சேர்ந்துவிடுகின்றன, எனவே வேலை கடினம். விடுமுறையில் ஒரு மாதம் நம் ஊரிலேயே கிடை போடும் கீதாரிகளோடு நடந்து, அவர்கள் ஆடுகளுக்கு வரும் நோய்களை அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதி வாருங்கள். நூறு கூழாங்கற்களையும் எடுத்துச் செல்லுங்கள்.